அசையாத பட்டன்

மஞ்சக்குப்பத்துல இருந்து பெரியம்மா போன். "பணம் கட்டுற பட்டனை அமுக்குறேன், கல்லு மாதிரி நிக்குதுடா தம்பி."

போய்ப் பார்த்தேன். குரோம் இன்காக்னிட்டோவுல, அதாவது அதோட மறைவு விண்டோவுல திறந்தா ஜம்முனு ஓடுது! அங்க எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசர்ல நாம சேர்க்குற குட்டி புரோகிராம் எதுவும் தானா ஓடாது, பாதி சந்தேகம் அப்பவே தீர்ந்துடுச்சு. சாதாரண விண்டோவுல எஃப்12 தட்டி பக்கத்தோட பிழைகளைக் காட்டுற பலகையைத் திறந்தா, சிவப்பு எழுத்துல 'பிளாக்டு பை கிளையன்ட்', அதாவது நம்ம பிரவுசர் பக்கமே ஏதோ தடுத்துடுச்சு.

குற்றவாளி, போன தீபாவளிக்கு நானே போட்டுக்கொடுத்த விளம்பரத் தடுப்பான். எதையெல்லாம் தடுக்கணும்னு சொல்ற ஈஸிலிஸ்ட் மாதிரி பட்டியலை வச்சுத்தான் அதெல்லாம் வேலை செய்யுது. பட்டியல்ல சிக்கின ஏதோ ஒரு ஸ்கிரிப்ட்டை, அதாவது பக்கத்தை இயக்குற நிரலை அது நிறுத்த, அதை நம்பியிருந்த பட்டனும் படுத்துடுச்சு. அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைச்சு ரீலோட் பண்ணினேன், பணம் போயிடுச்சு.

"அப்ப மூணு நாளா நெட்டுக்காரனைத் திட்டினது?"ன்னாங்க பெரியம்மா. நான் காபியைக் குடிச்சுக்கிட்டே இருந்தேன்.