கேம்பர்வேன் ஹீட்டரில் காற்று சரியாக வரவில்லையா? முதலில் பெட்டிகளை நகர்த்துங்கள்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து தென் தீவுக்குப் போய் கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) வாடகைக்கு எடுக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. நமக்கு விடுமுறை, அங்கே நடுக் குளிர்காலம். தெக்காப்போ ஏரிப் பக்கமெல்லாம் இரவில் உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். அந்த நேரத்தில் ஹீட்டர் ஓடுகிற சத்தம் கேட்கும், காற்று மட்டும் மூச்சு வாங்குகிற மாதிரி வரும். உடனே ஹீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வீட்டு ஏர்கானில் காற்று குறைந்தால் முதலில் ஃபில்டரைத்தானே பார்ப்போம், இங்கேயும் அதே கதைதான். வேனுக்குள் இருக்கும் காற்றை இழுத்து, சூடாக்கி, குழாய் வழியாகத் திருப்பி அனுப்புவதுதான் ஹீட்டரின் வேலை. இழுக்கும் வாய் பெரும்பாலும் கட்டிலுக்கோ இருக்கைக்கோ அடியில் இருக்கும், நாம் பெட்டிகளையும் மளிகைப் பையையும் திணிப்பதும் சரியாக அங்கேதான். அதை நகர்த்திவிட்டு, சூடான காற்று வெளியே வரும் எல்லா வென்ட்டையும் திறந்துவிடுங்கள். கால் பக்கம் மட்டும் சூடு போதும் என்று மற்றதை மூடினால் ஹீட்டர் உள்ளுக்குள்ளேயே கொதித்து, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்.

வென்ட்டில் காற்று இல்லை, ஆனால் கட்டிலுக்கு அடியில் மட்டும் கதகதப்பாக இருக்கிறது என்றால் குழாய் எங்கோ கழன்றிருக்கிறது. வளைகிற குழாய் என்பதால் பெட்டி அழுத்தி நசுங்கியும் இருக்கலாம்.

அடுத்தது பேட்டரி, பலரும் கவனிக்காதது இதைத்தான். எரிவது டீசலோ கேஸோ எதுவானாலும் விசிறி சுழல்வது 12 வோல்ட் பேட்டரியில். குளிர்காலத்தில் பகல் குறைவு, சோலார் பெரிதாக உதவாது, ஃபிரிட்ஜ், விளக்கு, எல்லோருடைய ஃபோன் சார்ஜும் அதே பேட்டரியில்தான். நிறைந்த சாதாரண ஈய-அமில (lead-acid) பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12-ஐத் தொட்டுவிட்டால் ஏறக்குறைய காலி. விசிறி தளரும், அப்புறம் ஹீட்டர் பற்றவே பற்றாது. சந்தேகம் இருந்தால் முகாமில் மின் இணைப்பு உள்ள இடத்தில் வயரைச் செருகிப் பாருங்கள். காற்று சட்டென்று கூடினால் ஹீட்டர் நல்லாத்தான் இருக்கிறது, பேட்டரிதான் பிரச்சினை. இதனாலேயே கடும் குளிர் இரவுகளுக்காவது காசு கொடுத்து மின் இணைப்பு உள்ள இடம் எடுப்பது நல்லது என்பேன்.

ஒன்று மட்டும், டீசல் ஹீட்டர் வேண்டிய வெப்பம் வந்ததும் விசிறியைத் தானே மெதுவாக்கும். அது கோளாறு இல்லை.

எவ்வளவு குளிரினாலும் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வெளியே புகை போகும் குழாயைப் பனியோ சேறோ அடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இதற்கு மேலும் சரியாகவில்லை என்றால் ஹீட்டரைக் கழற்றாமல் வேனை வாடகைக்கு விட்ட நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். வோல்ட் எவ்வளவு, எந்த வென்ட்டில் காற்று வருகிறது, வயர் செருகினால் என்ன ஆகிறது என்று சொன்னால்தான் காரியம் நடக்கும். வெறும் "ஹீட்டர் வேலை செய்யல" என்றால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பார்கள், அவ்வளவுதான்.