பிடரி முடிக்கு 4,500 ரூபாய்

தலைமுடியைச் சோதித்து உடம்பில் எந்தத் தாதுச் சத்து கூடுதல், எது குறைவு என்று சொல்லும் ஒரு நிலையத்துக்கு, குத்தாலத்திலிருந்து கும்பகோணம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கச் சொன்னாள்.

"ஐயா, மொட்டை போட்டு எவ்வளவு நாள் ஆகிறது?"

சித்திரைக் கடைசியில் வைத்தீஸ்வரன்கோயிலில் பேத்திக்கு முடியிறக்கினோம். பல மாதமாக எனக்கும் உடம்பு சரியில்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வைத்தியநாதனுக்கு நானும் ஒரு தலையைக் கொடுக்கலாமே என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஆனி பிறந்து சில நாள்தான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். இவர்களுக்கு வேண்டியது தோலை ஒட்டி வெட்டிய 3, 4 சென்டிமீட்டர். என்னிடம் இருந்தது ஒன்றரை.

போனில் பதிவு செய்து 4,500 ரூபாயை வாங்கிக்கொண்டபோது இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். "தலைமுடிதான் வேண்டும் என்றில்லை ஐயா, வேறு இடத்து முடியும் எடுக்கலாம்" என்று குரலைத் தாழ்த்தினாள். என் மகள் வயதுப் பெண். ஆவணியில் வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

இந்த யோசனை பெங்களூரில் இருக்கும் தங்கை மகனுடையது. "ரத்தம் ஒரு நாள் நிலையைத்தான் காட்டும் மாமா, முடி மூன்று மாதக் கணக்கை ஒப்பிக்கும்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆவணியில் மறுபடி போனேன். பிடரியில் மூன்று நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். நிறுத்துப் பார்க்க அட்டையை மடித்துச் செய்த ஒரு குட்டித் தராசு. ஒரு முனையில் முடியை வைத்தால், போதுமான எடை வந்ததும் அந்தப் பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. மின்விசிறியை நிறுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். அப்போதும் சாயவில்லை. இன்னும் ஒரு வெட்டு, இன்னும் ஒன்று. தராசு ஒருவழியாகத் தலை குனிந்தபோது என் பிடரியில் எட்டணா அகலத்துக்கு ஒரு திட்டு விழுந்திருந்தது. ஊர் முடிதிருத்தகத்தில், "எலி கடித்ததா அண்ணே?" என்று கேட்டார்கள்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். படிவம் முழுக்க ஆங்கிலம். சாயம் பூசுகிறீர்களா, என்ன ஷாம்பு, குளிக்கும் தண்ணீர் எது என்று அதில் கட்டங்கள் இருந்தன. அவள் கேட்டது சாயத்தை மட்டும். மற்றதை அவளே டிக் செய்துவிட்டாள். நான் இரண்டு மாதமாகப் பொடுகு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தேன். குளிப்பதோ வெள்ளை வேட்டியைப் பழுப்பாக்கும் எங்கள் போர் தண்ணீரில்.

முடி கூரியரில் வெளியூர் போனது. மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று போன் வந்தது. போனேன். விளக்கம் சொல்பவர் சனிக்கிழமைதான் வருவாராம், அன்று புதன். "வந்துவிட்டது என்றுதானே சொன்னோம், வாருங்கள் என்று சொல்லவில்லையே" என்றாள் அதே பெண். அந்தப் பதிலை மயிலாடுதுறை பஸ் வரும்வரை மென்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, வழவழப்பான எட்டுப் பக்கம். துத்தநாகம், சரியான அளவு என்று போட்டிருந்த பச்சைக் கட்டத்தைத் தாண்டிச் சிவப்பில் நின்றது. இரும்பு அதற்கும் மேலே. "உடம்பில் இரும்பு தேங்கியிருக்கிறது. முருங்கைக்கீரையைக் குறையுங்கள்" என்றார் அந்த ஆலோசகர். கூடவே, நான்கு மாதத்துக்கு மாத்திரையும் பொடியுமாக ஒரு பெட்டி, 11,800 ரூபாய். இந்தப் பச்சைக் கட்டத்தை யாருடைய முடியை வைத்துப் போட்டார்கள் என்று கேட்டேன். அது லேபில் போடுவது என்றார். வாங்கினேன், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஆனால் ரசீது கேட்டு வாங்கினேன். அதன் பின்புறம் பொடி எழுத்தில், பிரிக்காத பெட்டியை 15 நாளுக்குள் திருப்பலாம் என்று இருந்தது.

பெட்டியைப் பிரிக்கும் முன்பே வரப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மகள் அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடவில்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில். இரும்பு தேங்கிய உடம்பாம்! மலப் பரிசோதனையில், வெறுங்கால் வழியாக ஏறிக் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவின் முட்டை. நாற்பது வருடம் வெறுங்காலோடு சேற்றில் நின்றவனுக்கு இதற்குத் தலைமுடியை வெட்ட வேண்டியதில்லை. என் வயதுக்கு வேறு ரத்தக் கசிவும் இருக்கலாம் என்று குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

இரும்பு ஏன் சிவப்பில் நின்றது என்று கேட்டதற்கு, "நீங்கள் குளிக்கும் தண்ணீரை அல்லவா சோதித்திருக்கிறார்கள்" என்று சிரித்தார். வெளியிலிருந்து ஒட்டியதையும் உள்ளிருந்து வந்ததையும், லேபில் எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் பிரிக்க முடியாதாம். பொடுகு ஷாம்பு பலவற்றில் துத்தநாகக் கலவைதான் மருந்து, சிலவற்றில் செலினியம். ஆர்சனிக், மீன் வழியாக வரும் மெத்தில் மெர்க்குரி போன்ற நஞ்சு உடம்பில் ஏறியதா என்று பார்க்க முடி உதவும், சத்துக் குறைவைக் கண்டுபிடிக்க உதவாது என்றார். ஆரோக்கியமான ஒரே ஆளின் முடியை அமெரிக்காவில் ஆறு லேபுகளுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வு, அங்குள்ள மருத்துவச் சங்க இதழில் 2001இல் வந்ததாம். 12 தாதுக்களில் ஒரு லேபின் அளவு இன்னொன்றைப் போல் பத்து மடங்குக்கும் மேல் இருந்ததாம். கருவி மிக நுண்ணிய அளவையும் பிடித்துவிடும். ஆனால் லேபுக்கு லேபு எண்ணே மாறுகிறது, அதற்கு அர்த்தம் சொல்லும் இடத்திலும் கோளாறு.

பதினான்காம் நாள் பெட்டியோடு கும்பகோணம் போனேன். மேலாளர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் என்றால் பதினைந்து நாள் தாண்டிவிடும். ரசீதின் பின்புறத்தை மேசையில் விரித்து, "இன்று தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், போய்விடுகிறேன்" என்றேன். மேலாளர் உள்ளேயிருந்தே வந்தார். 11,800 கைக்கு வந்தது. 4,500 போனது போனதுதான்.

இதற்குப் பிறகும் போவேன் என்பவர்கள் மொட்டை, சாயம், ஷாம்பு, குளிக்கும் தண்ணீர் நான்கையும் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். படிவத்தை ஆங்கிலம் தெரிந்தவர் கையால் நிரப்புங்கள். முடியைச் சோதிப்பவரே மாத்திரையும் விற்றால் பெட்டியைப் பிரிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றை முடித்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் எனக்கு அதற்குச் செலவே இல்லை.

புழு மாத்திரை கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையை டீயோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்றார்கள். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். கார்த்திகையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 10.9. தையில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள்.