அவனை ‘டா’ போட்டு அழைத்தவள்

1 ஆகஸ்ட் 2024, வியாழன்

மதியம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தக் குத்துச்சண்டை. பெண்கள் 66 கிலோ பிரிவில் அல்ஜீரியாவின் இமான் கலீஃபும் இத்தாலியின் ஆஞ்சலா கரீனியும். 46 நொடிதான். முகத்தில் குத்து வாங்கிய கரீனி ஆட்டத்தைக் கைவிட்டு, மண்டியிட்டு அழுதார். நான் ஆபீஸில் இருந்ததால் பார்க்கவில்லை. சாயங்காலம் மெட்ரோவில் ஹாஸ்டல் குரூப்பைத் திறந்தால், என் தோழி வ. எழுதியிருக்கிறாள்: “பொம்பளைங்க போட்டில ஒரு ஆம்பளைய ஏத்தி அடிக்க விட்டுட்டு வேடிக்கை பாக்குறானுங்க.”

அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். அல்சூர் ஸ்டேஷன் வந்துவிட்டது. நடைமேடையிலேயே நின்று எழுதி அனுப்பினேன். கலீஃப் திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். போன வருஷம் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் அவரை விலக்கிய குத்துச்சண்டைச் சங்கத்தை ஒலிம்பிக் கமிட்டியே இப்போது ஏற்றுக்கொள்வதில்லை.

அவளிடமிருந்து ஒரே வரி வந்தது. “உனக்கு இப்ப இப்படித்தான்டி தோணும்.”

அந்த ‘இப்ப’ எதைச் சொல்கிறது என்று குரூப்பில் இருக்கும் பதினோரு பேருக்கும் தெரியும். அதற்கப்புறம் ஒருத்தியும் எதுவும் போடவில்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

தூக்கமில்லை. வ.வைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது.

1995இல் திருச்சியில் ஒரே அறை. அவள் 800 மீட்டர் ஓடுவாள். விடிகாலை நாலரைக்கு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வார்டன் எழுந்துவிடாமல் வெறுங்காலோடு மாடிப்படி இறங்குவாள். ஓடுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அவள் அப்பா மூன்றாம் வருஷம் போட்டிக்கே அனுப்பவில்லை. அவள் விட்டுவிடவில்லை. இன்றைக்கு பெங்களூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எத்தனையோ வீடுகளின் வாசலில் நின்று, “உங்க பொண்ண ஒரு வருஷம் ஓட விடுங்க” என்று கெஞ்சியிருக்கிறாள். அப்படி ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போயிருக்கிறேன். அதனால் பெண்கள் விளையாட்டு என்று அவள் பேசும்போது அதை வாய்ச்சவடால் என்று என்னால் ஒதுக்க முடியாது.

என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவளும் அவள்தான். குழந்தையை முதலில் கையில் வாங்கி, “வாடா தங்கம்” என்றாள். பெண் குழந்தையையும் ‘டா’ போட்டுக் கொஞ்சுவது நம் வீடுகளில் புதிதல்ல. ஆனால் அவள் அதை விடவே இல்லை. பதினெட்டு வருஷம் “வாடா”, “சாப்டுடா”, “கணக்குல ஏன்டா கோட்ட விட்ட?”

போன நவம்பரில் என் பிள்ளை எங்களை உட்காரவைத்து, தான் ஆண் என்று சொன்னான். திருநம்பி. நான் அவளிடம் சொன்ன நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அந்த ‘டா’ போய்விட்டது. தேடித்தேடி ‘டி’ போடுகிறாள். “என்னடி, முடிய இப்படி வெட்டியிருக்க?” என்றாள் பொங்கலன்று. அவன் எழுந்து உள்ளே போனான்.

(அவனைக் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். புதுப் பெயரும் பழைய பெயரும் இங்கே வராது.)

4 ஆகஸ்ட், ஞாயிறு, ஆடி அமாவாசை

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்ததும் அவளுக்கு போன் போட்டேன். குரூப்பில் வேண்டாம், நேராகப் பேசிவிடலாம் என்று.

சாந்தியை ஞாபகப்படுத்தினேன். 2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டரில் வெள்ளி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், செங்கல் சூளைக் குடும்பம். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அன்று ராத்திரி வ. போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. “அவ ஓடுனது அவ கால்லடி, டாக்டர் ரிப்போர்ட்டா ஓடுச்சு?” என்று கேட்டவள் அவள்.

“சாந்தி வேற. பொண்ணாப் பொறந்தா, பொண்ணா வளந்தா.”

“கலீஃபும் அப்படித்தானே?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாள். “சரி. பொண்ணாப் பொறந்து பொண்ணா வளந்ததால அவ பொண்ணுன்னு நீயே சொல்ற. அப்ப உன் பொண்ணும் பொண்ணுதானேடி?”

எனக்கு பதில் வரவில்லை. நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை.

அவளே மேலே பேசினாள். திருநங்கைகளைத் தனக்குப் புரியும், அல்சூரில் கடை வீதியில் வருகிறவர்களிடம் தலை குனிந்து ஆசி வாங்கியிருக்கிறாள், அது உண்மை. ஆனால் இது புரியவில்லை. “பொண்ணுங்களுக்கு ஒவ்வொண்ணையும் சண்டை போட்டு வாங்கினோம். ஓடுறது, வேலைக்குப் போறது, ராத்திரி தனியா வீட்டுக்கு வர்றது. இவ எல்லாத்தையும் வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு அந்தப் பக்கம் போறா. பொண்ணா இருக்கறது அவ்வளவு கேவலமா?” சொல்லும்போது குரல் உடைந்தது. வெறுப்பில் வந்த பேச்சு இல்லை அது. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

“அவன் எதையும் தூக்கிப் போடல. அவனோடது இல்லாதத திருப்பிக் குடுக்கறான்” என்றேன். இப்போது எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. அப்போது நான் கத்தியதால் அவள் காதில் விழுந்திருக்காது. வைத்துவிட்டாள்.

7 ஆகஸ்ட், புதன்

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்கு முன் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். 50 கிலோ பிரிவு, 100 கிராம் கூட. ராத்திரி முழுக்க எடையைக் குறைக்கப் போராடி, முடியைக்கூட வெட்டியிருக்கிறார்கள்.

வ.விடமிருந்து தனியாக ஒரு செய்தி. “பாத்தியா?”

“பாத்தேன்.”

“100 கிராம்டி.”

அவ்வளவுதான் பேசினோம். கான்டீனில் காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

10 ஆகஸ்ட், சனி

எழுந்து பார்த்தால் கலீஃப் தங்கம் வென்றிருக்கிறார். முதல் சுற்றில் ஆட்டத்தைக் கைவிட்ட கரீனி அதற்கு மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டார். குரூப்பில் யாரும் வாய் திறக்கவில்லை.

அவள் கேட்ட கேள்விக்கு ஆறு நாள் கழித்து எனக்கு பதில் கிடைத்தது. பிறந்ததையும் வளர்ந்ததையும் நான் பிடித்துக்கொண்டதுதான் தப்பு. கலீஃப் தன்னைப் பெண் என்கிறார். சாந்தி தன்னைப் பெண் என்றார். என் மகன் தன்னை ஆண் என்கிறான். மூன்று பேரிடமும் அடுத்தவர்கள் “நீ சொல்லாதே, நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்” என்கிறார்கள். திருநங்கை, திருநம்பிகளின் உரிமை பற்றிய 2014 ஏப்ரல் 15 நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு, அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொள் என்று யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது.

விளையாட்டு வேறு கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆணாகப் பருவமடைந்த திருநங்கைகள் பெண்கள் போட்டியில் ஓட முடியாது என்று உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் விதி போட்டது. அது சரியா தப்பா என்று வ.வோடு நாள் முழுக்க வாதாட நான் தயார். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தோற்றாலும் வருத்தமில்லை. ஆனால் என் பிள்ளை எந்த மைதானத்தில் யாரோடு ஓடுகிறான்? அவன் விளையாடுவது கேரம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நாள் முழுக்க மழை. அவனோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தேன்.

தமிழ் இதில் இரக்கமில்லாத மொழி என்றான். யோசித்தால் உண்மைதான். நேரில் பேசும்போது சிக்கலில்லை. வந்தேன், வந்தாய், போனேன், போனாய் எதிலும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போதுதான் வினை முடிகிற இடத்தில் கத்தி நிற்கிறது. வந்தானா, வந்தாளா? ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நான் எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். முதல் மாசங்களில் “பாப்பா வந்துச்சு” என்று தப்பித்தேன். வாய் கூசாமல் ‘அவன்’ வர எனக்கு எட்டு மாசம் ஆனது. பெற்றவளுக்கே எட்டு மாசம்.

கீழ்வீட்டுக் கன்னட அம்மா இவனைப் படியில் பார்த்தால் “ஊட்டா ஆய்தா?” என்பார். சாப்பாடு ஆச்சா, அவ்வளவுதான். அதில் அவனும் இல்லை, அவளும் இல்லை. அவரை எனக்குப் பிடிக்கும் என்றான்.

கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். போன வருஷம் ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம். ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் பூஜ்யம் போட்ட டிக்கெட் கொடுப்பார். இவன் ஆதாரில் இன்னும் பெண். காட்டினால் இலவசம். காட்டுவதில்லை, காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறான். கைச்செலவுக்குக் கொடுப்பதில் எங்கே ஓட்டை என்று இத்தனை நாள் நான் தேடிக்கொண்டிருந்தேன். சலுகையெல்லாம் தூக்கிப் போடுகிறான் என்று வ. சொன்னாளே, அது இந்த அளவில் உண்மை.

ஆதாரை மாற்ற வழி இருக்கிறது. 2019 திருநர் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால், மருத்துவப் பரிசோதனை இல்லாமல் சான்று தருவார்கள். ஆனால் அதில் இருப்பது திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும் பொதுவான ‘திருநர்’ என்ற அடையாளம். ‘ஆண்’ என்று வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்ததற்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும். நீதிமன்றம் வேண்டாம் என்றதைச் சட்டம் வேறு வாசல் வழியாகக் கேட்கிறது. பிரமாணப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறான், இன்னும் பதிவேற்றவில்லை.

14 ஆகஸ்ட், புதன்

வ. போன் செய்தாள், குரலில் ஒன்றுமே நடக்காத மாதிரி. வெள்ளிக்கிழமை வரலட்சுமி விரதம், தாம்பூலத்துக்கு வா. “உன் பொண்ணையும் கூட்டிட்டு வா.”

“பையன அழைச்சா கூட்டிட்டு வரேன்.”

“சுமங்கலிங்களும் பொண்ணுங்களும் வர்ற எடத்துக்கு பையன எப்படி அழைக்க முடியும்?”

“அப்ப என்ன மட்டும் கூப்பிடு.”

“28 வருஷத்துப் பழக்கம்டி” என்றாள். அதை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். 29 என்று நான் திருத்தவில்லை.

16 ஆகஸ்ட், வெள்ளி

போகவில்லை. 29 வருஷத்தில் ஒரே ஊரில் இருந்துகொண்டு அவள் வீட்டு நோன்புக்குப் போகாதது இதுதான் முதல் தடவை. போன வருஷம் அவனைப் பட்டுப்பாவாடை கட்டச் சொல்லி நானே அதட்டி அழைத்துப்போனேன். தாம்பூலத்தட்டை வாங்கும்போது அவன் கை நடுங்கியது. ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவன் வெளிப்படையாகச் சொல்ல மூன்று மாசம் இருந்தது. பட்டுத் துணியின் கனத்தை அவன் எப்படித் தாங்கினான் என்று இன்றைக்கெல்லாம் அதே நினைப்பு.

ராத்திரி வ.வுக்கு ஒன்று அனுப்பினேன், வாதத்துக்காக இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்கள் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு முன், தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று ஒத்துக்கொண்டு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, ‘திருநம்பி’ போன்ற சொற்களைத் தமிழக அரசு 2022இல் அரசிதழிலேயே வெளியிட்டது. “நீ ஒத்துக்கணும்னு சொல்லல. அவன்கிட்ட ஒரு தடவ உக்காந்து கேளு” என்று கீழே எழுதினேன்.

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பதினோரு மணிக்கு அழைப்பு மணி. வ., கையில் தூக்கு டப்பா. வெள்ளிக்கிழமைக் கொழுக்கட்டை மிச்சமில்லையாம், இன்றைக்குத் தனியாகச் செய்தாளாம். எனக்குச் சரடும் குங்குமமும். வருஷா வருஷம் அவனுக்கென்று எடுக்கும் துணி இந்த வருஷம் இல்லை. கொண்டுவர மறந்தாளா, வேண்டாம் என்று விட்டாளா, நான் கேட்கவில்லை.

அவன் அறையிலிருந்து வந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். வெட்டிய முடி, அவன் அப்பாவின் பழைய நீலச் சட்டை. வாய் திறந்து மூடினாள். இந்த நிமிஷத்தில் ‘டி’ வந்தால் கதவைக் காட்டிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

“சாப்பிட்டாச்சா?” என்றாள்.

“ஆச்சு பெரிம்மா.”

“காலேஜ் எல்லாம் ஒழுங்காப் போயாச்சா?”

“ம்.”

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாத காலத்தில் எங்கள் பாட்டி இப்படித்தான் பேசுவாள். குளிச்சாச்சா, வந்தாச்சா. கூப்பிடாமலே பேசுவது. வ. ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த வழியாகவே நடத்திக்கொண்டு போனாள். வேர்த்திருந்தது அவளுக்கு. அவன் இரண்டு கொழுக்கட்டை எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்தான். வினேஷைப் பற்றிப் பேசினார்கள், எடை குறைப்பதால் உடம்பு என்னாகும் என்று அவள் அவனுக்கு விளக்கினாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், “அவ எளச்சுட்டாடி” என்றாள்.

“இளச்சுட்டான்.”

“வாய்ல வரல.”

“எனக்கு எட்டு மாசம் ஆச்சு.”

ஒன்றும் சொல்லவில்லை. படி இறங்கினாள். பாதியில் நின்று, “டப்பாவ குடுத்து அனுப்பு, ஸ்கூலுக்கு வேணும்” என்றாள். யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று சொல்லவில்லை.

புதன்கிழமை அவன் ஜீவன் பீமா நகர் பக்கம் போகிறான். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.