விலையை மட்டும் எழுதினால் போதாது

பர்சா மலேசியா டெரிவேட்டிவ்ஸ் என்ற சந்தை நிறுவனம் ஆண்டுதோறும் கோலாலம்பூரில் நடத்தும் செம்பனை எண்ணெய் விலை மாநாட்டில் எல்லாரும் காத்திருப்பது விலைக் கணிப்பு அமர்வுக்குத்தான். டோராப் மிஸ்திரி, தாமஸ் மீல்கே, ஜேம்ஸ் ஃப்ரை என்று துறைக்குப் பல ஆண்டுகளாகப் பழகிய பெயர்கள் அந்த மேடையில் ஏறியிருக்கின்றன. பின்னொரு நாளில் தரப்போகும் எண்ணெய்க்கு இன்றே விலை பேசும் முன்பேரச் சந்தையில் ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன். டன்னுக்கு 50 ரிங்கிட் ஏறி இறங்கினாலே ஓர் ஒப்பந்தத்துக்கு 1,250 ரிங்கிட் கைமாறிவிடும். அதனால் மேடையில் ஓர் எண் விழுந்ததும் செய்தி நிறுவனங்களின் ஒற்றை வரிகள் உடனே பறந்துவிடும். வேகத்தில் அவர்களோடு போட்டி போட எங்களால் முடியாது. போட வேண்டிய அவசியமும் இல்லை.

நான் வேலை செய்வது பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சின்ன அலுவலகத்தில். தோட்ட நிர்வாகிகள், ஆலைப் பொறியாளர்கள், சிறுதோட்டக்காரர்கள் ஆகியோருக்குத் துறைச் செய்திகளைத் தொகுத்து அனுப்புகிறோம். மாநாடு நடக்கும்போது அரங்கில் உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் குறிப்பெழுதிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் டெலிகிராமிலும் போட்டுக்கொண்டே இருப்பது என் பொறுப்பு. இந்த வேலையின் அருமை வேகத்தில்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சாளர் தன் கணிப்போடு சேர்த்துச் சொல்லும் நிபந்தனைகள் அரங்கிலேயே எழுதினால்தான் தப்பிப் பிழைக்கின்றன. அதற்காகத்தான் இதை இவ்வளவு பிடிவாதமாகச் செய்கிறேன்.

விலைக் கணிப்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். இந்தோனேசியா டீசலில் கலக்கும் செம்பனை எண்ணெயின் அளவை 2023இல் 35 விழுக்காடாகவும் 2025இல் 40 விழுக்காடாகவும் உயர்த்தியது. உள்நாட்டில் எரிப்பது கூடினால் ஏற்றுமதிக்கு மிஞ்சுவது குறையும், விலை ஏறும். ஆனால் கச்சா எண்ணெய் மலிந்தால் அந்தக் கலப்புக்கு மானியம் கொடுப்பது அரசுக்குப் பாரமாகிவிடும். வறட்சி வந்தால் அதன் அடி மரத்தில் உடனே தெரியாது. இன்று மழை பொய்த்தால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுவரை கழித்துத்தான் குலைகள் குறையும். ரிங்கிட் ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு மாறும். ஆக, அனுபவமுள்ள ஒருவர் ஒரு விலையைச் சொல்கிறார் என்றால் அதற்கு முன்னும் பின்னும் நாலைந்து 'இப்படி நடந்தால்' நிற்கும். மறுநாள் தலைப்பில் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை நம்பி ஒரு நிர்வாகி உர ஆர்டரைக் கூட்டுவார், இன்னொருவர் ஆலைப் பராமரிப்பைத் தள்ளிப்போடுவார்.

என் குறிப்பில் ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'காலை 11.42. விலை ஏறும் என்கிறார். நிபந்தனை ஒன்று, இந்தோனேசியக் கலப்பு சொன்ன தேதியில் நடப்புக்கு வர வேண்டும். நிபந்தனை இரண்டு, கச்சா எண்ணெய் இப்போதைய நிலைக்குக் கீழே போகக் கூடாது. இரண்டாவதைச் சொல்லும்போது தயங்கினார்.' அந்தக் கடைசிச் சொற்களை எந்த அறிக்கையிலும் பார்க்க முடியாது. பேராக்கில் ஒரு தோட்டத்தை நிர்வகிக்கும் அண்ணன் ஒருவர், தயங்கினார் என்ற இடங்களைத்தான் முதலில் தேடிப் படிப்பதாகச் சொல்வார். முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் இருப்பவர் அவர். எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக் கொடுத்தால் போதும், முடிவைத் தானே எடுத்துக்கொள்வார்.

ஸ்லைடுகள்தான் பின்னால் வந்துவிடுமே, எதற்கு இந்தப் பாடு என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருமுறை பேச்சு வந்தது. அரங்கில் பாதிப்பேர் கைப்பேசியைத் தூக்கி ஸ்லைடுகளைப் படம் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் பேச்சாளர் வாயால் சொல்வது படத்தில் வராது. உற்பத்தி வரைபடத்தின் கடைசி இரண்டு கோடுகள் தன் சொந்த மதிப்பீடு என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். படத்தில் எல்லாக் கோடும் ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு நிற்கும். அந்தப் படம் பத்துக் குழுக்களுக்குப் போய்ச் சேரும்போது மதிப்பீடு புள்ளிவிவரமாகிவிடுகிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதாமாதம் 10ஆம் தேதிவாக்கில் வெளியிடும் கையிருப்புக் கணக்கும் ஒருவருடைய கணிப்பும் ஒரே தட்டில் வைக்கப்படும் பொருள்கள் அல்ல. குறிப்பெழுதுபவர் அருகில் இருந்தால்தான் இரண்டையும் தள்ளி வைக்க முடியும்.

இதைவிட எனக்கு மனநிறைவு தந்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு விதிமுறை பற்றிய ஓர் அமர்வு. 2023 ஜூனில் அமலுக்கு வந்த விதிமுறை அது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்க முடியாது. விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். கடைப்பிடிக்க வேண்டிய நாள் முதலில் 2024 டிசம்பர் 30 என்று இருந்து, பிறகு தள்ளிப்போனது. நிலத்தின் எல்லைகளைச் சுற்றி அளந்து கொடுக்க வேண்டும் என்று அன்று மேடையில் ஒருவர் விளக்கினார். அதை எழுதிப் போட்ட சிறிது நேரத்தில் கெடாவிலிருந்து ஒரு பெரியவர் குழுவில் கேட்டார்: "தம்பி, எனக்கு இருக்கிறது ஏழு ஏக்கர். சர்வேயரைக் கூப்பிடணுமா?"

கேள்வி நேரத்தில் எழுந்து அதையே கேட்டேன். நாலு ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்துக்குத்தான் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும், அதற்குட்பட்டதென்றால் ஒரே ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும் என்று பதில் வந்தது. நாலு ஹெக்டர் என்றால் ஏறக்குறைய பத்து ஏக்கர். அப்படியே ஏக்கரில் எழுதினேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் ஹெக்டரில் யோசிப்பதில்லை. காடழிப்புத் தேதியில் மட்டும் சின்ன நிலம், பெரிய நிலம் என்ற சலுகை கிடையாது என்பதையும் கீழே சேர்த்தேன். பெரியவர் நன்றி சொன்னார். அவரைப் போல இன்னும் சிலர் தங்கள் நிலத்தின் அளவைப் போட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் ஏழு ஏக்கர்க்காரர் ஒருவர்கூட இல்லை. நுழைவுக் கட்டணம் கட்டி, கோலாலம்பூரில் ஹோட்டல் எடுத்துத் தங்க அவர்களால் ஆகாது. அவர்களுடைய பிழைப்பைப் பற்றித்தான் மேடையில் பேச்சு நடக்கிறது. அந்தக் கேள்வி மைக்குக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு பெரிய காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேறு துறையிலும் இதே கதைதான். 2024 மே 28 அன்று மிட்டெக் மண்டபத்தில் நடந்த செமிகான் என்ற செமிகண்டக்டர் (சிப்) தொழில் கண்காட்சியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தேசிய செமிகண்டக்டர் வியூகத்தை அறிவித்தார். அரசு ஆதரவு 25 பில்லியன் ரிங்கிட். ஈர்க்க வேண்டிய முதலீட்டு இலக்கு 500 பில்லியன் ரிங்கிட். இரண்டையும் அடுத்தடுத்த வரியில், எது யார் பணம் என்று சொல்லி எழுதாவிட்டால், அரசே 500 பில்லியன் கொடுக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பிவிடும். கிளம்பவும் செய்தது. 60,000 பொறியாளர்களை உருவாக்குவது என்ற இலக்கும் அன்றுதான் வந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை 1972இல் தொடங்கிய காலந்தொட்டு, இன்டெல் வந்த அதே ஆண்டிலிருந்து, பல தமிழ்க் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. அங்கிருக்கும் நண்பர்கள் கேட்டது ஒன்றுதான்: டிப்ளோமா படித்துவிட்டு டெக்னீஷியனாக இருப்பவர்களுக்கு இதில் இடம் உண்டா? என் குறிப்பை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். அதற்கான வரி அதில் இல்லை. சொன்னதை வரிசையாக எழுதி வைத்திருந்தால்தான் சொல்லாமல் விட்டது எது என்றும் தெரிகிறது. அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்த வெற்றிடமே சொல்லிவிட்டது.

வேலையின் கருவிகள் எளியவை. முன்வரிசையின் ஓரத்து நாற்காலி, பவர் பேங்க், விரல்கள் பழகிய 'அஞ்சல்' என்ற தமிழ்த் தட்டச்சு விசைமுறை, சொந்த டேட்டா. அரங்கின் வைஃபையை நம்பவே கூடாது. 2010இல் ஐஃபோன் 4 அறிமுகத்தின்போது மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸின் இணைப்பே திணறியது. அரங்குக்குள் 570 வைஃபை நிலையங்கள் இயங்குவதாகச் சொல்லி, வந்திருந்தவர்களை அவற்றை அணைக்கச் சொன்னார். அங்கேயே அப்படி என்றால் நம் ஊர் ஹோட்டல் மண்டபம் எம்மாத்திரம்?

எதை எழுதக் கூடாது என்பதிலும் நான் கண்டிப்பு. சில மூடிய அமர்வுகள் சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடக்கும். 1927இலிருந்து புழங்கும் விதி அது. கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த நிறுவனத்தவர் என்பதை வெளியிடக் கூடாது. அப்படிப்பட்ட அமர்வில் நான் நேரடிக் குறிப்பே போடுவதில்லை. பத்துப்பேர் இருக்கும் அறையில் பெயரை மறைத்தாலும், எத்தனை மணிக்கு என்ன பேசப்பட்டது என்று போட்டாலே ஆள் தெரிந்துவிடும். பேச்சாளர் தான் சொன்ன எண்ணைத் திருத்திக்கொண்டால் பழைய வரியை அழிக்காமல், திருத்தத்தை நேரத்தோடு கீழே போடுகிறேன். முதல் வரியைப் படித்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து பார்க்கும்போது குழம்பக் கூடாது.

இப்போது அலுவலகத்தில் மாநாட்டுக்கு இரண்டு பேரை அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கேட்டு எழுதுவார், மற்றவர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டே குழுவில் வரும் கேள்விகளைத் திரட்டுவார். புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருவர் அந்த இரண்டாவது வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய அப்பாவும் சிறுதோட்டக்காரர்தான். எந்தக் கேள்வியை முதலில் மைக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.