ஆவணிக்குள் வீடு தயாராக வேண்டும்

2025 ஜூலை 6, ஞாயிறு

மதுரை திருநகர் வீட்டை விற்றுவிடுவது என்று இன்று பேசி முடித்தோம். தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தான். அப்பா போனபிறகு அம்மா என்னோடு வந்துவிட்டதால் வீடு பூட்டியே கிடக்கிறது. பேச்சை முடித்து வைத்தது அம்மாதான். "பூட்டி வச்சா பாழாப் போகும். குடியிருக்குற ஆளாப் பாத்துக் குடுங்க" என்றார்.

சாயங்காலம் புரோக்கர் வந்து பார்த்தார். 5 சென்ட் மனை, மூன்றாவது ஸ்டாப்பிலிருந்து நடக்கிற தூரம், கிழக்குப் பார்த்த வாசல். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "மனைக்குத்தான்க்கா விலை. நாப்பது வருசக் கட்டடத்துக்கு யாரு காசு தருவா? பெயின்ட் கியின்ட்னு செலவு பண்ணிராதீங்க. இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டுற பார்ட்டி ஒருத்தர் இருக்காரு, நாளைக்கே கூட்டிட்டு வாரேன்" என்றார்.

அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் அது இடிக்க வருகிறவரின் கணக்கு. குடியிருக்க வருகிறவர் வேறு மாதிரி யோசிப்பார். வீட்டு விலைக்கு மேல் பத்திரச் செலவே 9 சதவீதம் ஆகிறது: முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2. வங்கிக் கடனும் போட்டு, கையில் இருந்ததையும் துடைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவரிடம் மராமத்துக்கு என்று தனியாகப் பணம் எங்கே இருக்கும்? பால் காய்ச்சிவிட்டு மறுநாளே குடிபோகலாம் என்று ஒரு வீடு இருந்தால் அவருக்கு அதுதான் பெரிய விஷயம்.

17ஆம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் அட்வான்ஸ் கொடுக்கப் போவதில்லை. அந்த மாதத்தை வேலைக்கு எடுத்துக்கொள்வோம், ஆவணியில் காட்டுவோம் என்றேன். தம்பிக்கும் சரி என்று பட்டது.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவிலிருந்தே தொடங்கி, வாங்க வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டே போனேன். நாம் வளர்ந்த வீட்டை அப்படிப் பார்ப்பது லேசில்லை. கேட் துருப்பிடித்து இழுபடுகிறது. கதவைத் திறந்ததும் பூட்டின வீட்டு வாடை. குழாய்களில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பெயின்ட் ஒட்டிக்கொண்டதில் ஜன்னல்கள் பாதி திறக்கவில்லை. மேற்கு அறைச் சுவரில் ஓதம். கையால் தடவினால் பூச்சு மாவாக உதிர்கிறது.

வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். முக்கால்வாசி பாத்ரூமிலிருந்துதான். புழங்காத வீட்டில், தரைச் சல்லடைக்குக் கீழே டிராப்பில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போகிறது. அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களை நெம்பித் திறந்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் வீடு பாதி தேறிவிட்டது. வீட்டை விற்க நினைக்கிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் வேண்டாம். எதை மறைக்கிறோம் என்றுதான் வருகிறவர்கள் யோசிப்பார்கள்.

ஜூலை 11, வெள்ளி

இன்று காகிதங்கள். வீட்டைத் தயார்செய்வதில் இதுவும் பாதி. சுவர் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் ஃபைலைத் திறந்ததும் பேச்சு நின்றுபோகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975லிருந்து வில்லங்கம் எடுக்க முடிகிறது. அப்பா மனை வாங்கியது 1981இல், அதனால் எல்லாமே அதற்குள் அடங்கிவிட்டது. போட்டுப் பார்த்ததில் ஒரு பழைய அடமானம் நிற்கிறது. வீடு கட்ட 1983இல் வாங்கிய கடன். அப்பா கடைசித் தவணை வரை கட்டி, பத்திரத்தைக் கையில் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். ஆனால் கடன் கொடுத்த சங்கம், அடமானம் தீர்ந்தது என்று காட்டும் ரத்து ரசீதைப் பதிவு செய்து தரவில்லை. கடன் தீர்ந்து இத்தனை வருடமாகியும் காகிதத்தில் வீடு அடமானத்தில்தான் இருக்கிறது. வாங்குகிறவரின் வங்கி வக்கீல் முதல் பார்வையிலேயே இதைப் பிடித்துவிடுவார். அவர் பிடிப்பதற்குள் நாம் சரிசெய்துவிட வேண்டும். தம்பி அந்த அலைச்சலை ஏற்றுக்கொண்டான். வாரிசுச் சான்றிதழ் கையில் இருப்பதால் பட்டாவில் எங்கள் மூவர் பெயரையும் ஏற்ற மனுப் போட்டாயிற்று.

ஜூலை 14, திங்கள்

திருப்பரங்குன்றத்தில் இன்று கும்பாபிஷேகம். ஒரு வேலையாளும் வரவில்லை, வரவும் மாட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு விடியுமுன்பே நாங்களும் திருநகர் போய்விட்டோம். மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த மாடியில் நின்று மலையைப் பார்ப்பது இந்த வீட்டுக்கு உள்ள சொத்து. வருகிறவர்களை மாடிக்கும் கூட்டிப்போக வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பெயின்டரும் கொத்தனாரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். மேற்கு அறைச் சுவரைப் பார்த்துவிட்டு பெயின்டர் சொன்னார்: "நல்லா சுரண்டிட்டு புட்டி வச்சு ரெண்டு கோட் அடிச்சா தெரியாதுக்கா. ஆறு மாசத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குள்ள நீங்க வித்துருவீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிடும். கடன் வாங்கிக் குடிவந்த ஒரு குடும்பம் முதல் மழையிலேயே அந்தச் சுவரைப் பார்த்து நம்மைத் திட்டும். அதற்குப் பேர் ஏமாற்று. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

கொத்தனார் வயசானவர். சுவரைத் தொட்டுப் பார்க்காமல் நேராக மாடிக்கு ஏறிப்போய்விட்டார். "நோவு இங்க இருக்கு தாயி" என்று காட்டினார். தட்டோடுகளுக்கு நடுவே சந்து விட்டிருந்தது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் விரல் நுழைகிற விரிசல். மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் ஒரு அரசங்கன்று. பிடித்து இழுத்தால் வேர் கையோடு வராமல் சுவருக்குள் போகிறது. அதைச் சுற்றி உடைத்து வேர்வரைக்கும் எடுத்தார்கள்.

மூலையில் சரிவாகக் கலவை வைத்து, தட்டோட்டுச் சந்துகளைச் சுரண்டி, வாட்டர்புரூஃப் கலந்த சிமென்ட்டால் அடைக்கப் போகிறார்கள். கீழே கெட்டுப்போன பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்திவிடச் சொன்னேன். கொத்துவதற்கு முன்பும் பின்பும் போட்டோ எடுத்து வைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்குப் படையல் போட்டுவிட்டு மத்தியானம் எல்லோருமாக வீட்டைக் காலி செய்ய உட்கார்ந்தோம்.

பரணிலிருந்து இறங்கியவை: பித்தளை அண்டா, உடைந்த ஃபேன், எங்கள் பள்ளிக்கூட நோட்டுகள், ஒரு கால் இல்லாத ஸ்டூல், மூட்டை மூட்டையாகக் காலி டப்பாக்கள். பழைய பேப்பர் கடைக்காரர் தள்ளுவண்டி நிரம்பத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று பீரோவில் இரண்டைத் தம்பியும் நானும் எடுத்துக்கொண்டோம். அவை நின்ற இடம் வெறும் தரையானதும் அந்த அறை எவ்வளவு பெரியது என்றே அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிடவும் கூடாது. முழுக்கக் காலியான அறையில் கட்டில் எங்கே போடுவது என்று வருகிறவருக்குப் பிடிபடாது. அதனால் அறைக்கு ஒரு கட்டில், ஹாலில் ஊஞ்சலும் நான்கு நாற்காலியும், சமையலறையில் அடுப்பும் கொஞ்சம் எவர்சில்வர் பாத்திரமும் மட்டும் வைத்தோம்.

ஹாலில் நுழைந்ததும் கண்ணில் படுவது அப்பாவின் படம். சந்தன மாலை, மேலே சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு. மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், சமையல்மேடையைத் தட்டிப் பார்க்கக்கூடத் தயங்குவார்கள். அதை எடுக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா தானாகவே, "அவர நம்மளோட கூட்டிட்டுப் போயிருவோம். ஊரான் வந்து பாக்குற எடத்துல எதுக்கு நிக்கணும்" என்று சொல்லி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

மாடியில் தண்ணீர்க் குழாய் வாய்களைத் துணியால் அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்தோம். கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. கொத்தனார் முகத்தில்தான் என்ன சந்தோஷம்! சுவரைப் பூசச் சொல்லிவிட்டேன். அது காய்ந்த பிறகுதான் பெயின்ட்.

ஜூலை 30, புதன்

மொசைக் தரைக்கு மெஷின் வந்தது. இடித்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று சொன்னவர்கள் எல்லோரும் இன்று வந்து பார்த்திருக்க வேண்டும்.

முதலில் கரகரப்பான கல்லைப் போட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்கிறார்கள். மோர் மாதிரி வெள்ளையாக ஒரு சேறு ஓடுகிறது. அதைத் தள்ளிக் கழுவிவிட்டு அடுத்து நைசான கல், பிறகு இன்னும் நைஸ். கடைசியில் ஆக்ஸாலிக் பவுடர் தூவி ஒரு சுற்று. எங்கள் காலில் எப்போதும் மங்கிய சாம்பலாகவே பட்ட தரை, கருப்பும் பச்சையும் ரோஸுமாகக் கல் கல்லாக எழுந்து வந்தது. ஊஞ்சலுக்குக் கீழே ஒரு தாமரை உண்டு என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. பாத்ரூம் ஆசிட்டை மட்டும் இந்தத் தரையில் ஊற்றவே கூடாது. சிமென்ட்டையும் சலவைக்கல்லையும் அது அரித்துவிடும். வருகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

தரைக்கு முன்பே பெயின்ட் அடித்திருந்தால் சுவர் முழுக்கச் சேறு தெறித்திருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நல்ல நாள் என்று பெயின்டர் இன்றே தொடங்கினார். மேற்கு அறையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டோம், அது நன்றாகக் காயட்டும். நிறம் பற்றி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உள்ளே முழுக்க ஒரே வெளிர் சந்தன நிறம் என்று நான் முடித்துவிட்டேன். வாங்குகிறவர் தன் நிறத்தைத் தானே அடித்துக்கொள்வார். நாம் காட்ட வேண்டியது வெளிச்சம். தேக்கு நிலையையும் கதவையும் மட்டும் பெயின்ட் பக்கமே விடவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தாயிற்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பட்டா வந்துவிட்டது. ரத்து ரசீதும் பதிவாகிவிட்டது. தம்பி பட்ட பாட்டை எழுதினால் அதற்கே ஒரு நோட்டு வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை எட்டு மணி வெயில் ஹாலுக்குள் நேராக விழுகிறது. அப்போதே போட்டோ எடுத்தோம். செல்போனைப் படுக்கை வாக்கில் நெஞ்சு உயரத்தில் பிடித்து, அறையின் மூலையிலிருந்து. கிணறு, போர் மோட்டார், மீட்டர் பெட்டி, மேற்குச் சுவர் எல்லாவற்றுக்கும் ஒரு படம். புரோக்கர் பார்த்துவிட்டு, "நம்ம வீடாக்கா இது?" என்றார். அவர் 'நம்ம வீடு' என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் தேதி. அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார். இன்று வந்தவர்கள் யாரும் பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வந்ததும் நேராகக் குழாயைத் திறக்கிறார்கள். "தண்ணி எப்படி? கோடையில நிக்குமா?" மதுரையில் இதுதான் முதல் கேள்வி. தென்கால் கண்மாயில் தண்ணீர் நின்றால் எங்கள் கிணறு ஏறிவிடும், கடும் கோடையில் போர் மட்டும்தான், தண்ணீர் உப்பு, குடிக்க மாநகராட்சித் தண்ணீர் என்று உள்ளதைச் சொன்னேன்.

ஒருவர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டி வந்தார். திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, ஈசானியத்தில் கிணறு இருப்பதால் அவருக்கு வீடு பிடித்துவிட்டது. கூட்டி வந்தவருக்குத்தான் விலை ஒத்துவரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், மகள், மருமகன், பேத்தி. பேத்தி நேராகப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். மேற்கு அறைக்கு வந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "இந்தச் சுவர்ல ஓதம் இருந்துச்சும்மா. மாடியிலதான் கோளாறு." கொத்துவதற்கு முந்தைய போட்டோ, மாடியில் தண்ணீர் கட்டி வைத்த போட்டோ, கொத்தனார் கணக்கெழுதிய சீட்டு எல்லாவற்றையும் காட்டினேன். புரோக்கர் எனக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தவில்லை.

டீச்சர் சீட்டை வாங்கிப் படித்தார். "அந்தக் கொத்தனார் நம்பர் குடுங்க. எனக்கு மாடியில ஒரு ரூம் எடுக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விலை பேசி முடிந்தது. இடிக்கிற பார்ட்டி சொன்னதைவிட நல்ல விலைதான், நாங்கள் கேட்டதில் கொஞ்சம் குறைத்தோம். வெற்றிலை பாக்கில் டோக்கன் அட்வான்ஸ் வைத்துக் கொடுத்தார்கள், அம்மா வாங்கிக்கொண்டார். ஒப்பந்தப் பத்திரம் போட்டு மூன்று மாதத்துக்குள் கிரயம். விலை 50 லட்சத்துக்கு மேல் போவதால் வாங்குகிறவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். விற்ற லாபத்துக்கு நாங்கள் கட்ட வேண்டிய மூலதன ஆதாய வரிக்கு, வீட்டின் 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பு வேண்டும், தம்பி ஆடிட்டரைப் பார்க்கிறான்.

ஊஞ்சல் எங்களோடு வந்துவிடும் என்று முதலிலேயே பேசியிருந்தோம். கிளம்பும்போது அம்மா, "அது இங்கயே இருக்கட்டும், புள்ள ஆடுது" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். சரி என்று நோட்டில் கொடுத்துப் போகிற சாமான் பட்டியலில் ஊஞ்சலையும் சேர்த்துக்கொண்டேன். வியாழக்கிழமை வங்கி மதிப்பீட்டாளர் வருகிறார். அதற்குள் மோட்டார் ஸ்விட்சை மாற்ற வேண்டும்.