வேர் இறுகிய ஆல் போன்சாய்: தொட்டி மாற்றி மீட்ட மூன்று மாதம்

அப்பா கிணற்றுச் சுவரில் முளைத்திருந்த கன்றைப் பிடுங்கி வந்து வளர்த்த ஆல் அது. தொட்டிக்கு வந்து 11 வருடம் ஆகிறது. மே கடைசியிலிருந்து மொட்டையாக நின்ற அந்த மரத்தில் இன்று காலை ஆறாவது இலை விரிந்திருக்கிறது. எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேர் தொட்டியை அடைத்து இறுகிவிட்டதன் அறிகுறிகள் ஏப்ரலிலேயே தெரிந்தன. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே குளம் கட்டி நின்று, ஓரமாக வழிந்து போனது. அடிமரம் தொட்டி விளிம்புக்கு மேல் ஒரு விரல்கடை எழும்பியிருந்தது. வடிகால் ஓட்டை வழியாக வேர் வெளியே வந்திருந்தது. கடைசியாகத் தொட்டி மாற்றியவர் அப்பாதான், 5 வருடத்துக்கு முன்பு. ஆல், அரசு, இச்சி எல்லாம் வேகமாக வேர் விடுபவை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

இலை பழுக்கத் தொடங்கியதும் பயந்து ஒரு நர்சரிக்கு ஓடினேன். போட்டோவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தவர், "வேர்ல கையே வைக்காதீங்க சார், அப்படியே பெரிய தொட்டிக்கு மாத்திடுங்க, போதும்" என்றார். ஒரு தொட்டியும் ஒரு மூட்டை ரெடி மண்கலவையும் வாங்கி வந்து அன்றே மாற்றினேன். திருச்சியில் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த வாரம் அது. பதினைந்தே நாளில் இலை மொத்தமும் கொட்டிவிட்டது.

காரணம் ஒரு விளக்குமாற்றுக் குச்சியில் தெரிந்தது. தொட்டி ஓரத்தில் குத்தினால் குச்சி சொதசொதவென்று ஈரமாக வந்தது. அடிமரத்துக்குப் பக்கத்தில் குத்தினால் இறங்கவே இல்லை. வாங்கி வந்த கலவை பெரும்பாலும் பொடித் தென்னைநார்க் கழிவு. தண்ணீர் எல்லாம் அதில் தங்கிவிட, நடுவில் இருந்த பழைய வேர்க்கட்டி காய்ந்தே கிடந்திருக்கிறது. வேர் இறுகிய மரத்தைப் பிரிக்காமல் எவ்வளவு பெரிய தொட்டியில் வைத்தாலும் இதுதான் நடக்கும். இடம் கொடுத்தால் போதாது, வேரைப் பிரித்துவிட வேண்டும்.

கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். பச்சை இருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஆனால் அந்த வெயிலில் வேரை வெட்டினால் மிச்ச உயிரும் போய்விடும். பழைய தொட்டிக்கே திருப்பி, நிழலில் வைத்து, மேல்மண் காயும் போதெல்லாம் தொட்டியோடு ஒரு டப்பில் அமுக்கி, குமிழி அடங்கும் வரை ஊறவிட்டு எடுத்தேன். ஜூன் முழுக்க இப்படியே போனது.

எப்போது மாற்றுவது என்பதில் கவனமாக இருங்கள். யூடியூபில் வரும் ஜப்பான், ஐரோப்பா வீடியோக்கள் குளிர் முடிந்து மொட்டு வீங்கும் நேரத்தைச் சொல்கின்றன. அது இலையுதிர்க்கும் குளிர்நாட்டு மரங்களுக்கான கணக்கு. நம் ஊர் ஆலுக்குக் கதகதப்பும் வேண்டும், வெயில் கொஞ்சம் தணிந்தும் இருக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர் இது. ஆனி கடைசியில் ஒரு மேகமூட்டமான மாலையில் கத்தியை எடுத்தேன்.

கலவை இந்த முறை என்னுடையது. பழைய செங்கலை உடைத்துச் சலித்து, தூளைக் கொட்டிவிட்டு, மிளகு அளவுச் சில்லுகளை மட்டும் கழுவி எடுத்தேன். அதில் மூன்று பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. தூள் சேர்ந்தால் வடிகால் அடைத்துக்கொள்ளும், அதைக் கட்டாயம் நீக்குங்கள்.

தொட்டி ஓரமாகக் கத்தியை ஓட்டித் தூக்கியதும் வேர் முழுக்கத் தொட்டியின் வடிவத்திலேயே பிரிமணை மாதிரி சுற்றிக் கிடந்தது. பழைய முள்கரண்டியால் வெளியிலிருந்து உள்ளே சிக்கெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இடையிடையே தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், சல்லி வேர் சட்டென்று காய்ந்துவிடும். கீழ்நோக்கிப் போன தடித்த வேர்களையும் சுற்றிக்கொண்டிருந்தவற்றையும் வெட்டினேன். நலிந்த மரம் என்பதால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. வெட்டுவாயில் பால் வடியும், பயப்பட வேண்டாம். கையில் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேயுங்கள்.

ஜூன் முழுக்க ஊறவிட்டும் அடிமரத்துக்கு நேர் கீழே மண் புழுதியாகக் கொட்டியது. அதற்குள் உள்ளங்கை அகல ஓட்டுச்சில்லு ஒன்று. வேர் நேராக இறங்காமல் நாலா பக்கமும் படரட்டும் என்று அப்பா வைத்தது. வேர்கள் அதைக் கவ்விப் பிடித்திருந்தன. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதே சில்லோடு நட்டு, இடைவெளியில் கலவை இறங்கும்படி குச்சியால் குத்திவிட்டு, தண்ணீர் தெளிவாக வடியும் வரை ஊற்றினேன்.

மரத்தைத் தொட்டியோடு சேர்த்துக் கம்பி கட்டாமல் விட்டுவிட்டேன். ஆடி மூன்றாம் தேதி அடித்த காற்றில் மரம் தொட்டியை விட்டுப் பாதி பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று தெரிந்த ஊரில், புதிதாக நட்ட மரத்தைச் சும்மா நிறுத்தியது பெரிய தப்பு. சாயாவிட்டாலும் ஆட்டமே கெடுதல், புதுச் சல்லி வேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறுந்துபோகும். 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை வடிகால் ஓட்டை வழியாக மேலே கொண்டு வந்து, வேரடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து இறுக்கினேன். இப்போது தண்டைப் பிடித்துத் தூக்கினால் தொட்டியும் சேர்ந்து வருகிறது. அந்த அளவுக்கு இறுக்கம் வேண்டும்.

அதற்குப் பிறகு பதினெட்டாம் நாள் நுனியில் கூர்மையாக ஒரு மொட்டு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு நாளில் செந்நிறத் தளிராக அது விரிந்தது.

அடுத்த வாரம் நிழலிலிருந்து காலை வெயிலுக்கு நகர்த்துகிறேன். உரம் ஆவணி பாதிக்கு மேல்தான். கம்பியை ஒரு வருடம் வரை தொடப்போவதில்லை, ஆனால் வேரில் பதிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பேன்.