சில புஷ் மட்டும் மறுக்கப்படும்போது

எப்போதும் மறுக்கும் சர்வரைச் சரிசெய்துவிடலாம். சில நேரம் மட்டும் மறுப்பதுதான் ஆளைச் சோதிக்கும். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருள் ஓடும் எங்கள் சர்வரில் ஒரே ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) ஆறேழு பேர் அவரவர் கணக்கில் எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் பயன்படுத்துகிறோம். புதிதாகச் சேர்ந்த தம்பிக்குக் காலையில் புஷ் (தன் மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவது) போகும். மதியம் அவருக்கே, பொருள்களை (கிட் சேமிக்கும் தரவுத் துண்டுகளை) நிரந்தரச் சேமிப்புக்கு நகர்த்த முடியவில்லை என்று பிழை வரும். எல்லோரும் அவருடைய எஸ்எஸ்ஹெச் சாவியைச் சந்தேகித்தார்கள். சாவி தவறென்றால் காலையிலும் போயிருக்காதே!

கிட் பொருள்களை அடுக்கும் முறையில்தான் விடை இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் என்ற 40 இலக்க அடையாளம் (0–9, a–f) கிடைக்கும்; அதில் முதல் 2 கோப்புறையின் பெயர், மீதி 38 கோப்பின் பெயர். ஆக, ஆப்ஜெக்ட்ஸ் கோப்புறைக்குள் இப்படி 256 உள்கோப்புறைகள் வரை உருவாகலாம். எவருடைய புஷ் ஓர் உள்கோப்புறையை முதலில் உருவாக்குகிறதோ அவரே அதற்கு உரிமையாளர். புதிய கோப்புறைகளின் அனுமதியைக் குறைக்கும் உமாஸ்க் என்ற அமைப்பு 022 என்றால் அனுமதி 755. குழுவில் உள்ள மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. எங்கள் ரெப்போவில் மேல்மட்டக் கோப்புறைகளுக்கு மட்டும் யாரோ குழு அனுமதி கொடுத்திருந்தார்கள். தம்பியின் பொருள்களில் ஒன்றே ஒன்று வேறொருவரின் கோப்புறைக்குப் போக வேண்டியிருந்தாலும் முழு புஷ்ஷும் நின்றுவிடும். இதைவிட வியப்பு: 100 பொருள்களுக்குக் குறையாத பெரிய புஷ், இயல்பு அமைப்பில், இந்த உள்கோப்புறைகளைத் தொடாமல் ஒரே பேக் (தொகுப்பு) கோப்பாகச் சேமிக்கப்படுவதால் தடையின்றிப் போய்விடும். ஒரு வரித் திருத்தம்தான் மாட்டிக்கொள்ளும்.

தயவுசெய்து 777 (எல்லோருக்கும் எழுதும் அனுமதி) கொடுக்காதீர்கள். பிழை மறையும்; ஆனால் அந்த சர்வரில் கணக்குள்ள எவரும் புஷ் போன்ற நேரங்களில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கான ஹூக்ஸ் கோப்புறையில் ஒரு ஸ்கிரிப்ட் வைக்கலாம், அடுத்து புஷ் செய்பவரின் அதிகாரத்தில் அது ஓடும்.

செய்ய வேண்டியது: ரெப்போ முழுவதையும் ஒரே குழுவுக்கு மாற்றி, எல்லாக் கோப்புறைகளுக்கும் 2775 (குழுவும் எழுதும் அனுமதி) கொடுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே பிறக்கும் கோப்புறைகளையும் அதே குழுவில் வைத்திருக்கும். பொருள் கோப்புகள் 444 (படிக்க மட்டும்) ஆகவே இருக்கட்டும். பிறகு கிட் அமைப்பில் ஷேர்டுரெப்போசிட்டரி (core.sharedRepository) என்பதற்கு குரூப் (group) என்ற மதிப்பைக் கொடுங்கள். அதன்பின் உமாஸ்க் எதுவானாலும் கிட் குழு அனுமதியோடுதான் உருவாக்கும். பழைய கோப்புறைகளை அது தொடாது என்பதால் அனுமதி மாற்றும் வேலையை விட்டுவிட முடியாது. ரூட் (சர்வரின் முழு அதிகார நிர்வாகி) கணக்கில் கிட் கட்டளை எதையும் அங்கே ஓட்டாதீர்கள். ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் மீண்டும் முளைக்கும்.